மெரிடாவா, இசமாலா, வயாதோலித்தா?

“மச்சான், டிசம்பர்ல கான்கூன் டிக்கெட் போட்டாச்சு. ஆறு ராத்திரி. ஆறு நாளும் கடற்கரை ஓட்டல்லயே கிடக்க எனக்கு இஷ்டமில்ல. உள்ளே மாயா ஊர் மேலேயே கட்டின பழைய ஸ்பானிய ஊருங்க இருக்காமே, அதுல ஒண்ணு சொல்லுங்க, மூணு ராத்திரி போய்த் தங்கிட்டு வர்றோம்” என்று தங்கை மாப்பிள்ளை டல்லாஸிலிருந்து கேட்டார்.

‘ஒண்ணு’ என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. மாயா என்பவர்கள் ஸ்பானியர் வருவதற்கு முன்பே அந்தப் பக்கம் வாழ்ந்த, இன்றும் வாழும் மக்கள். மெக்சிகோவின் யுகடான் மாநிலத்தில் அவர் கேட்கிற மாதிரி ஊர்களில் முக்கியமானவை மூன்று. மாநிலத் தலைநகர் மெரிடா, ஊர் முழுக்க மஞ்சள் பூசிய இசமால், கான்கூனுக்கும் மெரிடாவுக்கும் நடுவழியில் இருக்கும் வயாதோலித். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் தடவை இரண்டு நண்பர்களோடு வாடகைக் காரில். அடுத்த தடவை அம்மா அப்பாவோடு, பஸ்ஸும் டாக்ஸியுமாக. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி. முதல் பயணத்தில் ‘இதுக்கு ஏன் வந்தோம்’ என்று நினைத்த ஊர், இரண்டாவது பயணத்தில் எங்களைக் காப்பாற்றியது. யார் கூட வருகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காம்பெச்சேயை விட்டுவிட்டீர்களே என்று யாராவது கேட்பார்கள். 1540இல் ஸ்பானியர் அமைத்த துறைமுகம், கடற்கொள்ளையருக்குப் பயந்து எழுப்பிய மதில், 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம், எல்லாம் சரி. ஆனால் கான்கூனிலிருந்து மெரிடாவே 300 கிலோமீட்டர், காம்பெச்சே அதையும் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல். மூன்று ராத்திரிக்கு அது கட்டுப்படியாகாது. தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று ஊருக்கும் அடியில் வேறொரு பெயர் இருக்கிறது. மெரிடாவுக்குக் கீழே தோ. வயாதோலித்துக்குக் கீழே சசீ. இசமால் மட்டும் தன் மாயா பெயரைச் சற்றுத் தேய்த்து அப்படியே வைத்துக்கொண்டது. யுகடானைப் பிடித்த ஸ்பானியக் குடும்பத்தில் அப்பா, மகன், அப்பாவின் உடன்பிறந்தார் மகன் மூவருக்குமே பிரான்சிஸ்கோ தே மொந்தேஹோ என்றுதான் பெயர், படிக்கிறவனுக்குத் தலை சுற்றும். அதில் மகன் 1542 ஜனவரி 6 அன்று மெரிடாவை நிறுவினார். உடன்பிறந்தார் மகன் 1543இல் வயாதோலித்தை வேறொரு இடத்தில், ஒரு நீர்நிலைக்குப் பக்கத்தில் ஆரம்பித்தார். அந்த இடம் ஒத்துவரவில்லை. 1545இல் ஊரைத் தூக்கிக்கொண்டு சசீயின் மேல் வந்து உட்கார்ந்தார்கள். கல்லுக்கு எங்கேயும் போகவில்லை. மாயா கோயில் மேடுகளைப் பிரித்தால் வெட்டி வைத்த சுண்ணாம்புக் கல் தயாராகக் கிடைத்தது.

இந்த ஒரே கதையை மூன்று ஊரும் மூன்று விதமாகக் காட்டுகின்றன. மெரிடாவில் மாயா ஊர் சுவருக்குள் போய்விட்டது. இசமாலில் சுவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வயாதோலித்தில் கல்லாக அதிகம் இல்லை, தண்ணீராகவும் பேச்சாகவும் இருக்கிறது. அழகைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மூன்றுமே அழகுதான். இந்த மூன்றில் எதைப் பார்க்க ஆசை என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

மெரிடா

பத்து லட்சம் பேர் வாழும் நகரம். முதலில் அதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘பழைய ஊர்’ என்று நினைத்துப் போய் இறங்கினால் போக்குவரத்து நெரிசல், குறுகலான நடைபாதை, பஸ் புகை எல்லாம் வரவேற்கும். முதல் பயணத்தில் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. மத்தியான வெயிலில் காரை நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போனது.

ஆனால் நடுச் சதுக்கத்தில் நிதானமாக ஒரு அரை நாள் இருந்தால் விஷயம் வேறு. கிழக்குப் பக்கம் கதீட்ரல். 1561இல் ஆரம்பித்து 1598இல் முடித்தார்கள், அமெரிக்கப் பெருநிலத்தில் இன்றும் நிற்கும் கதீட்ரல்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. சுவரில் இருப்பது தோவின் கோயில் கற்கள். உள்ளே போனால் ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும், அவ்வளவு மொட்டை. 1915இல், மெக்சிகோ புரட்சிக் காலத்தில், உள்ளே புகுந்து சூறையாடினார்கள். பொன்னும் பலிபீட வேலைப்பாடும் அப்போது போனவைதான். எனக்கென்னவோ அந்த மொட்டைச் சுவர்தான் பிடித்தது, கல்லைக் கல்லாகப் பார்க்க முடிகிறது.

தெற்குப் பக்கம் மொந்தேஹோ குடும்பத்தின் மாளிகை. 1540களில் கட்டிய வாசல் முகப்பு அப்படியே இருக்கிறது. ஈட்டியும் கவசமுமாக இரண்டு வீரர்கள் நிற்கிறார்கள், அவர்கள் காலடியில் வாய் பிளந்து அலறும் தலைகள். யாரை மிதிக்கிறார்கள் என்று விளக்கப் பலகை தேவையில்லை. இப்போது உள்ளே அருங்காட்சியகம், ஒரு பகுதியில் வங்கி. வடக்குப் பக்கம் மாநில அரசு மாளிகை. மாடியில் பெர்னான்டோ காஸ்ட்ரோ பச்சேகோ வரைந்த பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. மாயா படைப்புக் கதையிலிருந்து, பிடித்தது, எரித்தது, கற்றாழைத் தோட்டத்தில் கடனுக்கு அடிமையாக வேலை வாங்கியது வரை. ஒரே சதுக்கத்தில் பிடித்தவன் வீடும், பிடிபட்டவன் கதையும் எதிரெதிரே. அப்பா அந்த மாடியில் ஒரு மணி நேரம் இருந்தார். நாற்காலி போட்டிருந்தார்கள், குளிர்ச்சியாக இருந்தது, அதுவும் ஒரு காரணம்.

கற்றாழை என்றேனே, அது ஹெனிகேன். கயிறு திரிக்கும் நார் எடுப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்துக்கே கயிறு விற்று மெரிடாவின் தோட்ட முதலாளிகள் கொழித்தார்கள். பாசேயோ தே மொந்தேஹோ என்ற அகலச் சாலையின் இரு பக்கமும் நிற்கும் பிரெஞ்சு பாணி மாளிகைகள் அந்தப் பணம். அதில் ஒன்றான காண்டோன் மாளிகையில் மானுடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. மாயா வரலாற்றை ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் 2012இல் திறந்த மாயா உலகப் பெரிய அருங்காட்சியகம் நகரின் வடக்கே. இந்த இரண்டுக்கும் ஈடாக மற்ற இரண்டு ஊரிலும் எதுவும் இல்லை.

சாயங்காலம் ஆனால் மெரிடா நல்ல ஊர். வியாழக்கிழமை தோறும் சாண்டா லூசியா பூங்காவில் இலவசக் கச்சேரி, 1965 முதல் நடக்கிறது. கித்தாரோடு பழைய காதல் பாட்டுகள், தலையில் தட்டு வைத்து ஆடும் நாட்டுப்புற நடனம், சுற்றி உட்கார்ந்து கூடவே பாடும் உள்ளூர்ப் பெரியவர்கள். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்டா” என்றார்.

ஒரு சின்ன குறிப்பு, மூன்று ஊருக்கும் பொருந்தும். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வடக்கு தெற்காக ஓடுவதெல்லாம் இரட்டைப்படை, கிழக்கு மேற்காக ஓடுவதெல்லாம் ஒற்றைப்படை. முகவரி ‘60ஆம் தெரு, 59க்கும் 61க்கும் நடுவில்’ என்று இருக்கும். பத்து நிமிடத்தில் பழகிவிடும், அப்புறம் கைபேசி வரைபடமே தேவைப்படாது.

இசமால்

மெரிடாவுக்குக் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர். முட்டை மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, ஊர் முழுக்க அதே. 1993 ஆகஸ்டில் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது பூசியது என்று ஊரில் பலரும் சொல்வார்கள். இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்த்திருப்பது இந்த ஊராகத்தான் இருக்கும்.

நடுவில் ஒரு மேடு. மேட்டின் மேல் பதுவை அந்தோனியார் மடாலயம், 1561இல் முடித்தது. அந்த மேடு இயற்கையானது அல்ல, அதுவே ஒரு மாயா பிரமிடின் அடித்தளம். மேலே இருந்ததைத் தட்டிவிட்டு அதே கல்லில் மடத்தைக் கட்டினார்கள். முன்முற்றத்தைச் சுற்றி 75 வளைவுகள். அளவில் வாடிகனின் புனித பேதுரு சதுக்கத்துக்கு அடுத்ததாக இதைச் சொல்வார்கள். அளவைவிட, காலை எட்டு மணிக்கு ஆளே இல்லாமல் அந்தப் புல்வெளியும் வளைவுகளின் நிழலும் இருக்கிற விதம்தான் நினைவில் நிற்கிறது.

இந்த மடத்தோடு சேர்ந்த பெயர் தியேகோ தே லாண்டா. பிரான்சிஸ்கன் துறவி. இங்கே இருந்தவர், இதைக் கட்டுவதில் முன்னின்றவர். 1562 ஜூலையில் மானி என்ற ஊரில் மாயா மக்களை விசாரணை என்ற பெயரில் வதைத்து, அவர்களுடைய சுவடிகளையும் தெய்வ உருவங்களையும் குவித்து எரித்தவரும் அவரே. மரப்பட்டைத் தாளில் எழுதி மடித்து வைத்த அந்த மாயா நூல்களில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது நாலே நாலு. இதில் கொடுமையான வேடிக்கை ஒன்று உண்டு. அந்த வதைக்காக ஸ்பெயினில் விசாரணைக்குப் போன லாண்டா, 1566 வாக்கில் யுகடானைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதினார். அதில் மாயா எழுத்துகளை ஸ்பானிய அகரவரிசைக்கு நேராக வைத்து ஒரு பட்டியல் போட்டிருந்தார். தப்பும் தவறுமான பட்டியல். ஆனால் 1952இல் சோவியத் ஆய்வாளர் யூரி க்னோரசோவ் அதை வைத்துத்தான் மாயா எழுத்தைப் படிக்கும் வழியைத் திறந்தார். எரித்தவன் விட்டுப்போன சாவி. மடத்தின் பக்கத்தில் லாண்டாவுக்குச் சிலை இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மடத்து முற்றத்திலிருந்து வடக்கே பார்த்தால் வீட்டுக் கூரைகளுக்கு மேல் ஒரு குன்று தெரியும். மரம் முளைத்த குன்று. அதுதான் கினிச் காக் மோ. சூரிய முகம் கொண்ட நெருப்புப் பஞ்சவர்ணக்கிளி என்று பொருள். சுமார் 35 மீட்டர் உயரம், அடித்தளம் பல வீட்டு மனைகளை விழுங்கும் அகலம். இரண்டு மூன்று தெரு நடந்தால் ஒரு வீட்டு வரிசைக்கு நடுவில் வாசல். ஏறலாம். புகழ்பெற்ற மாயா இடிபாட்டு நகரமான சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிடில் ஏற விடுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன, இங்கே உச்சி வரை போகலாம். படிகள் சீராக இருக்காது, கல் ஆடும். இறங்கும்போதுதான் பயம். அப்பா கீழேயே இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் மஞ்சள் மடம், மறுபக்கம் கண்ணுக்கு எட்டும் வரை தட்டையான பச்சை. யுகடானில் மலை கிடையாது, ஆறும் கிடையாது. அந்தத் தட்டைக் காட்டில் இவ்வளவு பெரிய மேட்டைக் கையால் கட்டியவர்களைப் பற்றி அங்கே நின்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

சரி, அப்படியானால் இசமாலிலேயே தங்கலாமே? இங்கேதான் நான் மறுப்பேன். மடம், பிரமிட், இன்னும் இரண்டு சின்ன மேடுகள், குதிரை வண்டியில் ஒரு சுற்று, நல்ல சாப்பாடு ஒன்று. அதோடு தீர்ந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊர் அடங்கிவிடும். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒரு ராத்திரி தங்க அருமையான ஊர். பத்து வயசுப் பையனோடு மூன்று ராத்திரி என்றால் இரண்டாம் நாள் காலையிலேயே “அடுத்து என்ன” என்பான்.

வயாதோலித்

மாப்பிள்ளைக்கு நான் சொன்ன ஊர் இது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் பார்வைக்கு மூன்றில் இதுதான் சாதாரணம். நடுவில் நிழல் தரும் சதுக்கம், ஒருவரை ஒருவர் பார்த்தபடி இரண்டு பேர் உட்கார வளைத்துக் கட்டிய வெள்ளை நாற்காலிகள், தெற்கே இரட்டைக் கோபுரத் தேவாலயம், சுற்றி வெளிர் வண்ண ஒரு மாடிக் கட்டடங்கள்.

அந்தத் தேவாலயத்தைச் சற்று நேரம் பாருங்கள். சான் செர்வாசியோ. பொதுவாக இங்கே பழைய தேவாலயங்களின் முன்வாசல் மேற்கே இருக்கும். இதற்கு வடக்கே. 1703இல் ஊர் அதிகாரத்துக்காக நடந்த சண்டையில், தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்த இரண்டு பேரை எதிராளிகள் உள்ளே புகுந்து பிடித்துக் கொன்றார்கள். கோயிலுக்குள் ரத்தம். பிஷப் கட்டடத்தையே இடிக்கச் சொன்னார். சில வருடங்களில் திருப்பிக் கட்டியபோது வாசலைத் திசை மாற்றி வைத்தார்கள். கட்டடத்துக்குத் தண்டனை கொடுத்து முகத்தைத் திருப்பி வைத்த ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சதுக்கத்திலிருந்து மூன்று நாலு தெரு தள்ளி, பள்ளிக்கூடம் கடை வீடு எல்லாவற்றுக்கும் நடுவில், தரை திறந்துகொள்கிறது. செனோட்டே சசீ. யுகடான் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழை மேலே ஓடாது, உள்ளே இறங்கிவிடும். கூரை இடிந்த இடத்தில் கிணறு மாதிரி குளம் தெரியும். அதைத்தான் மாயா மொழியில் சோனோத் என்றார்கள், ஸ்பானியர் வாயில் அது செனோட்டே ஆயிற்று. மாயா ஊர்கள் எல்லாம் இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் அமைந்தன. சசீ ஊருக்கு மூல காரணமே இந்தக் குளம்தான். பாதிக் கூரை இன்னும் குடை மாதிரி கவிந்திருக்க, மரவேர்கள் கயிறாகத் தொங்க, கீழே பச்சைத் தண்ணீரில் கறுப்பு மீன்கள். உள்ளூர்ப் பையன்கள் பாறையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். படிகள் ஈரமாக வழுக்கும், முழங்கால் வலிக்காரர்கள் மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பையனுக்கு இது ஒன்று போதும்.

அப்புறம், ‘துறவிகள் சாலை’ என்று ஒரு குறுக்குத் தெரு. கட்டம் கட்டமாக இருக்கும் ஊரில் இது ஒன்று மட்டும் கோணலாகப் போகும். இரு பக்கமும் ரோஜா, நீலம், காவி நிறத்தில் தாழ்ந்த வீடுகள். அது போய் முட்டும் இடம் சியென்னா புனித பெர்னார்தினோ மடம், 1550களில் கட்டியது. கோட்டை மாதிரி தடித்த சுவர். இதற்கும் அடியில் ஒரு செனோட்டே. தோட்டத்தில் கல் மண்டபம் போட்டு அதன் நடுவில் நீர்ச் சக்கரம் வைத்து இறைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீருக்குள் இறங்கிய தொல்லியல் ஆய்வாளர்கள் 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளை எடுத்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

துப்பாக்கி எதற்கு என்றால், அது இந்த ஊரின் இன்னொரு கதை. 1847 ஜூலை 26 அன்று மாயா தலைவர் மானுவல் அந்தோனியோ ஆய் என்பவருக்குக் கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சொல்லி இந்த ஊரில் மரண தண்டனை கொடுத்தார்கள். நாலே நாளில் தெற்கே தெபிச் கிராமத்தில் செசீலியோ சீ தலைமையில் மாயா மக்கள் எழுந்தார்கள். அடுத்த வருடம் வயாதோலித்தே அவர்கள் கைக்கு வந்தது. சாதிப் போர் என்று பெயர் வைத்த அந்தப் போர் 1901 வரை, ஐம்பது வருடத்துக்கு மேல் இழுத்தது. ‘வென்றவன் தோற்றவன் கதை 16ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது’ என்ற நினைப்பு மெரிடாவில் வரலாம். இங்கே வராது.

நான் பேச்சு என்று சொன்னது இதற்கும் மேலே. காலை ஆறரைக்குச் சந்தைக்குப் போனேன். கழுத்திலும் விளிம்பிலும் பூ வேலை செய்த வெள்ளை உடுப்பில் பாட்டிகள், தரையில் துணி விரித்து, மிளகாய், எலுமிச்சை, வாழையிலையில் கட்டிய பொட்டலங்கள். அவர்களுக்குள் பேசிக்கொண்டது ஸ்பானியம் இல்லை, மாயா. சுற்றுலாவுக்காகப் பேசுவது அல்ல, விலை பேசுவது. கொய்யா வாங்கிக்கொண்டு “கிராசியாஸ்” என்றேன். பக்கத்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாயாவில் எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுத்தார். “தியோஸ் போத்திக்”. கடவுள் அதற்குக் கூலி கொடுக்கட்டும் என்கிற மாதிரி பொருள். ‘தியோஸ்’ ஸ்பானியக் கடவுள், ‘போத்திக்’ மாயா வினை. ஊரின் வரலாறே நன்றி சொல்லும் இரண்டு வார்த்தைக்குள் வந்துவிட்டது என்று அப்போது தோன்றவில்லை, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

கடைசிக் காரணம் வெறும் கணக்கு. சிச்சென் இட்சா இங்கிருந்து 45 கிலோமீட்டருக்குள். காலை எட்டு மணிக்குத் திறக்கும்போது வாசலில் நிற்கலாம். கான்கூனிலிருந்து கிளம்பும் பஸ்கள் வந்து சேரப் பத்தரை, பதினொன்று ஆகும். அந்த இரண்டரை மணி நேரத்தில் கிடைக்கும் சிச்சென் இட்சாவும், பதினொரு மணி வெயிலில் விசில் பொம்மை சத்தத்துக்கு நடுவில் கிடைக்கும் சிச்சென் இட்சாவும் ஒன்றல்ல. வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டு, மாநிலம் ஒன்று மத்திய அரசு ஒன்று என்று இரண்டும் சேர்த்து 600 பேசோவைத் தாண்டும், அதற்குத் தகுந்த மாதிரி பார்க்க வேண்டாமா? வடக்கே அரை மணி தூரத்தில் எக் பலாம் என்ற இன்னொரு மாயா இடிபாடு. அரசன் ஒருவனின் கல்லறை வாசலைப் பல் தெரியத் திறந்த பெரிய வாயாகச் சுதையில் செய்திருக்கிறார்கள், ஆயிரம் வருடத்துக்கு மேலாகியும் பல் உடையவில்லை. ஏழு கிலோமீட்டரில் எக்ஸ்கெகேன், சமுலா என்று குகைக்குள் இருக்கும் இரண்டு செனோட்டேக்கள். மெரிடாவில் தங்கினால் இவை எல்லாமே ஒன்றரை, இரண்டு மணி நேரம். மெரிடாவுக்குப் பக்கத்தில் இருப்பது உஷ்மால் என்ற மாயா இடிபாடு, தெற்கே 80 கிலோமீட்டர். கட்டட அழகில் சிச்சென் இட்சாவைவிட எனக்கு உஷ்மால்தான் ஒரு படி மேல், கூட்டமும் குறைவு. அதை மட்டும் வயாதோலித்திலிருந்து பார்க்க ஆசைப்படாதீர்கள்.

சாப்பாடும் வண்டியும்

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்று ஊரும் சொர்க்கம். அச்சியோத்தே என்ற சிவப்பு விதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவி, வாழையிலையில் சுற்றி வேக வைத்த பன்றி இறைச்சி, கொச்சினிதா பிபில், எல்லா இடத்திலும் கிடைக்கும். வயாதோலித்துக்கு என்று புகை போட்ட லோங்கனிசா என்ற பன்றித் தொத்திறைச்சி இருக்கிறது. அதிகம் சொல்லத் தேவையில்லை, மணம் பிடித்துப் போனால் போதும்.

சைவம்தான் சிக்கல். ‘இறைச்சி இல்லாமல்’ என்று கேட்டால் கோழி வரும். கோழியும் வேண்டாம் என்றால் பருப்பு மாதிரி மசித்த கறுப்பு பீன்ஸ் வரும், அதில் பன்றிக் கொழுப்பு இருக்கும். ‘மந்தேகா’ என்ற வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பபட்சுலேஸ் என்று ஊரே மெச்சும் பலகாரம், பூசணி விதைக் குழம்பில் தோய்த்த சோள ரொட்டி, உள்ளே அவித்த முட்டை. அம்மாவுக்கு அதுவும் ஆகவில்லை. அவரைக் காப்பாற்றியது சிக்கில் பாக். வறுத்த பூசணி விதையும் சுட்ட தக்காளியும் அரைத்தது, பார்க்கவும் சாப்பிடவும் நம் துவையல்தான். பக்கத்தில் வைக்கும் அபனேரோ மிளகாய்க் கலவைக்கு மாயாவில் ‘நாயின் மூக்கு’ என்று பெயர், சாப்பிட்டால் மூக்கு அப்படி ஒழுகும். அம்மா ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, “பரவாயில்ல, காரம்னா என்னன்னு தெரிஞ்சவங்க” என்றார். முழுச் சைவ உணவகங்கள் என்று பார்த்தால் மெரிடாவில்தான் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு உண்டு. இரண்டாவது பயணத்தில் எங்களைக் காப்பாற்றிய ஊர் மெரிடா என்று சொன்னேனே, அது பாதிக்குப் பாதி இதனால்தான். மீதி, தட்டையான தெருக்களும் குளிரூட்டிய அருங்காட்சியகங்களும்.

வண்டி விஷயம். கான்கூனிலிருந்து வயாதோலித் 160 கிலோமீட்டர் போல, சுங்கச் சாலையில் இரண்டு மணி நேரம். ஆதோ பஸ்கள் நன்றாக ஓடுகின்றன, ஏசி குளிர் அடிக்கும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மாயா ரயிலும் 2023 டிசம்பர் முதல் ஓடுகிறது. மூன்று ஊருக்கும் நிலையம் உண்டு, ஆனால் நிலையம் ஊருக்கு வெளியே. பெட்டியோடும் குழந்தையோடும் இறங்கி மறுபடி வண்டி பிடிக்க வேண்டும்.

கார் எடுத்தால் செனோட்டேக்களுக்கு வசதி, ஆனால் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுதானா என்று மயங்கி நாங்கள் பதிவு செய்தோம். கவுண்ட்டரில் நின்றபோது மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சொல்லி, கார் வாடகையைவிட அதிகமாக வாங்கிக்கொண்டார்கள். காப்பீடு கட்டாயம் என்பது உண்மைதான். அதை முதலில் காட்டாமல் விடுவதுதான் தந்திரம். ‘எல்லாம் சேர்த்து’ என்று எழுத்தில் வாங்கிய விலையோடு மட்டும் போங்கள். சுங்கச் சாலையை விட்டுக் கிராமங்கள் வழியாக வந்தால் அழகுதான், ஆனால் ஒவ்வொரு ஊர் வாசலிலும் அறிவிப்பில்லாத வேகத்தடை முதுகெலும்பை எண்ணும்.

ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரி போகும். மாப்பிள்ளை போகிற டிசம்பர் நல்ல மாதம், சாயங்காலம் ஒரு மெல்லிய ஸ்வெட்டர்கூடத் தேவைப்படலாம். செனோட்டேயில் இறங்கும் முன் குளிக்கச் சொல்வார்கள், சன்ஸ்கிரீன் போட்டிருந்தால் கழுவச் சொல்வார்கள். முறைத்துக்கொள்ளாதீர்கள், அந்த நீர்தான் ஊர் குடிக்கும் நீர்.

ஆக, நான் சொன்னது இது. மூன்று ராத்திரி, பையன் நீச்சல் அடிப்பான், எல்லாருக்கும் கால் நன்றாக இருக்கிறது என்றால் வயாதோலித். முதல் நாள் வந்து ஊர் சுற்றுவது, இரண்டாம் நாள் சிச்சென் இட்சாவும் ஒரு செனோட்டேயும், மூன்றாம் நாள் கார் இருந்தால் இசமால் போய் மத்தியானச் சாப்பாட்டோடு திரும்புவது. மாமனார் மாமியாரும் கூட வருகிறார்கள் என்றால் மெரிடா, வியாழக்கிழமை ஒன்று உள்ளே வருகிற மாதிரி. ஐந்து ராத்திரி கிடைத்தால் வயாதோலித்தில் மூன்று, மெரிடாவில் இரண்டு, நடுவில் இசமாலில் இறங்கி ஏறலாம்.

“சரி மச்சான், வயாதோலித்தே போட்டுடறேன்” என்றார். ஓட்டலையும் அன்றே பதிவு செய்துவிட்டார், சதுக்கத்திலிருந்து இரண்டு தெரு. போனை வைத்த பிறகுதான் ஒன்று சொல்ல விட்டுப்போனது ஞாபகம் வந்து குறுஞ்செய்தி அனுப்பினேன். கான்கூன் இருக்கும் மாநிலத்தின் கடிகாரம் யுகடானைவிட ஒரு மணி நேரம் முன்னால். போகும்போது ஒரு மணி நேரம் லாபம். திரும்பி வரும் நாளில் விமானம் மத்தியானம் இரண்டு மணிக்கு என்றால், வயாதோலித் கடிகாரத்தில் அது ஒரு மணி. காலை எட்டுக்கெல்லாம் பஸ்ஸில் இருக்க வேண்டும்.